கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பு

நம்மிற் பலர் இன்று அணியும் ஸ்மார்ட் வாட்சின் அடியில் ஒளிரும் பச்சை விளக்கு, தோலுக்கடியில் குருதியோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு நாடித்துடிப்பைக் கணிக்கிறது. துடிப்பு ஒழுங்கு தவறினால் சில கடிகாரங்கள் எச்சரிக்கும். 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' எனும் ஒழுங்கின்மையால் இதயத்தில் குருதி உறைந்து பக்கவாதம் நேரக்கூடும். பலருக்கு அறிகுறியே தோன்றாது.

ஆயினும் எச்சரிக்கை மட்டுமே நோய்க்குச் சான்றாகாது. அமெரிக்காவில் ஏறத்தாழ 4,19,000 பேர் பங்கேற்று, 2019-இல் வெளியான ஆப்பிள் நிறுவன ஆய்வில், எச்சரிக்கை பெற்றபின் ஈசிஜி பட்டை அணிந்து சோதிக்கப்பட்டோருள் 34 விழுக்காட்டினரிடமே அக்குறை பதிவாயிற்று. அது விட்டுவிட்டு வருவதாதலால், ஏனையோருக்கு இல்லையென்றும் கூறவியலாது.

வங்கிக் குறுஞ்செய்தி ஐயம் தந்தால் கணக்கைச் சரிபார்க்கிறோம். அதுபோல மருத்துவரிடம் முறையான ஈசிஜி எடுத்துக்கொள்வோம். மாரடைப்பைக் கடிகாரம் கண்டறியாது. நெஞ்சுவலி வந்தால் அதைப் பார்த்திராமல் உடனே 108 அல்லது 112-ஐ அழைப்போம்.