இடுப்பிலிருந்து இறங்கும் வயது

தூத்துக்குடி ரோச் பூங்காவை ஒட்டிய கடற்கரைச் சாலையில் ஒரு மாலை நேரம். ஓர் இளம் தாய் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு வருகிறார். கைப்பிடியில் காய்கறிப் பை தொங்குகிறது. உள்ளே மூன்று வயதுப் பையன் சாய்ந்து கிடக்கிறான். கால் வைக்கும் பலகை அவனுக்கு எட்டாத காலம் போய், இப்போது கால் அதைத் தாண்டி நீண்டு, செருப்பு நுனி தரையில் உரசுகிறது. எதிரே வந்த ஆச்சி நின்றுவிட்டார்.

"காலு ரெண்டும் தரையில இழுபடுது, இன்னுமா வண்டி? இறக்கி விடு தாயி, நடக்கட்டும்."

"இறக்கி விட்டா ரோட்டுக்கு ஓடிருதான் ஆச்சி."

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிள்ளையை எப்போது இறக்கிவிடுவது என்று ஆச்சியின் காலத்தில் யாரும் யோசித்து முடிவெடுக்கவில்லை. அது தானாக நடந்தது. இன்றைய தாய் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு இந்தக் கரையில் பிள்ளை வண்டிக்கு வழியே இல்லை. திரேஸ்புரம் முதல் புன்னைக்காயல், மணப்பாடு வரை கடலோரத் தெருக்கள் மணல் தெருக்கள். சக்கரம் புதையும். பிள்ளை ஒக்கலில்தான் போகும்; திருவிழாக் கூட்டத்தில் அப்பாவின் தோளுக்கு ஏறும்; தூக்கம் வந்தால் சேலையில் கட்டிய தொட்டில். விடியுமுன்னே உப்பளத்துக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தையைக் கூடவே கொண்டுபோய்க் கொட்டகை நிழலில் தொட்டில் கட்டினார்கள், இல்லையென்றால் வீட்டில் மூத்த பெண் பிள்ளையிடம் விட்டுப் போனார்கள்.

அந்த ஒக்கலில் இடம் நிரந்தரம் கிடையாது. அடுத்த பிள்ளை பிறந்ததும் முந்தைய பிள்ளை இறங்கியாக வேண்டும். வயது, எடை, மருத்துவர் ஆலோசனை என்று எதுவும் குறுக்கே வரவில்லை. ஒன்றரை, இரண்டு வயதில் தம்பியோ தங்கையோ வந்துவிடும். அண்ணன் அழுதுகொண்டே நடப்பான். இரண்டு நாளில் அழுகையும் நின்றுவிடும்.

இதை எண்ணி ஏங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் அந்த ஒக்கல் அம்மாவுடையதாக இருக்கவில்லை. எட்டு, ஒன்பது வயது அக்காவுடையது. தம்பியைத் தூக்கிச் சுமந்ததால் பள்ளிக்கூடத்தை விட்ட பெண்கள் இந்த மாவட்டத்தில் இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். 1975இல் வந்த அங்கன்வாடித் திட்டமும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு இரண்டு வயது தாண்டிய பிள்ளைகளையும் சேர்த்துத் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் சோறு போட்டதோடு அந்த அக்காக்களின் இடுப்பையும் கொஞ்சம் விடுவித்தன. பால்வாடிக்குக் கையைப் பிடித்து நடந்து போகும் வயது இரண்டரை என்பது அப்போது ஊரில் தானாக ஏற்பட்ட கணக்கு.

இடுப்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு வண்டி அன்றும் இருந்தது. நடைவண்டி. தாமிரபரணியின் மேற்கே, அம்பாசமுத்திரத்து மரக்கடைசல்காரர்கள் செய்தது இந்தப் பக்கமெல்லாம் வந்தது. மூன்று சக்கரம், நிமிர்ந்து நிற்கும் ஒரு கைப்பிடி, உருளும்போது கடகடவென்று சத்தம். பிள்ளை அதில் உட்கார முடியாது. பிடித்துக்கொண்டு தள்ளத்தான் முடியும். இந்தச் சிறு வண்டியின் வம்சம் பழையது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரையில்லாமல் உருட்டும் மூன்று கால் சிறுதேர் வருகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் ஓராண்டு நிறையும் பிள்ளையை நடந்து வரச் சொல்வது வருகைப் பருவம். கடைசிப் பருவம் சிறுதேர். பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகனைப் பிள்ளையாக்கிப் பாடியதும் இந்த வரிசையில்தான். தமிழ்ப் பிள்ளை வளர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது தேரை உருட்டுவது. தேரில் ஏறி உட்காருவது அல்ல.

இன்று தெரு மாறிவிட்டது. மணல் போய்த் தார், தார் போய்ப் பேவர் பிளாக். முதலில் வளைகுடாவிலும் கப்பலிலும் வேலை பார்த்தவர்கள் சில வீடுகளுக்கு ஸ்ட்ரோலரைக் கொண்டுவந்தார்கள்; இப்போது ஆன்லைனில் சொன்னால் வாசலுக்கு வருகிறது. குடைபோல் மடங்கும் இந்த வண்டியை 1965இல் வடிவமைத்தவர் ஓவன் மக்லாரன் என்ற பிரிட்டன் விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரப் பகுதியில் வேலை பார்த்தவர். பேத்தியின் கனத்த பிராமைத் தூக்கிக்கொண்டு மகள் விமானப் பயணத்தில் பட்ட பாட்டைப் பார்த்து, அலுமினியக் குழாய்களில் மூன்று கிலோ அளவுக்கு எடையைக் குறைத்தார். வாகைகுளம் விமான நிலையத்தில் கைக்குழந்தையோடு இறங்கும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை. சிசேரியன் தழும்பும் முதுகுவலியும் உள்ளவருக்கும், மூட்டு தேய்ந்த ஆச்சிக்கும் அப்படியே. ஸ்ட்ரோலரை ஆடம்பரம் என்று ஒதுக்குகிறவர் பிள்ளை தூக்காதவராகத்தான் இருப்பார்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. பல வீடுகளில் ஒன்றோடு சரி. இறங்கு என்று சொல்ல அடுத்த பிள்ளை வருவதில்லை. இடுப்பு நோகும், சக்கரம் நோகாது. அதனால் வண்டியில் ஏறிய பிள்ளை நாலு வயது வரை அப்படியே போகிறது.

போனால் என்ன? நியூயார்க் பல்கலைக்கழகத்தின் காரன் அடால்ஃப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதப் பிள்ளைகள் விளையாட விட்டபோது மணிக்குச் சராசரி 2,368 அடி எடுத்துவைத்தன. 17 தடவை விழுந்தன. நடை இப்படி விழுந்து எழுந்துதான் வருகிறது. வண்டியில் போன ஒரு மணி நேரத்தில் இந்த அடிகள் எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையை வண்டியிலோ உயர நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போடக் கூடாது, ஒரு வயதானபின் நாளுக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும். முதுகில் கட்டிச் சுமப்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நாள் முழுக்க ஒக்கலில் வைத்திருந்த பெருமையும் அங்கே செல்லாது.

பேச்சு இன்னொன்று. ஒக்கலில் இருக்கும் பிள்ளைக்கு நம் முகம் பக்கத்தில் இருக்கும். "அந்தா பாரு கப்பலு" என்றால் கையோடு கையாக அதுவும் நீட்டும். பிள்ளை முன்புறம் பார்த்து உட்காரும் வண்டியில் நாம் அதன் முதுகுக்குப் பின்னால். டண்டி பல்கலைக்கழகத்தின் சூசேன் ஸீடிக் 2008இல் பிரிட்டன் தெருக்களில் கவனித்தபோது, பிள்ளை தங்களைப் பார்த்து உட்காரும் வண்டி வைத்திருந்த பெற்றோர் இரு மடங்கு பேசினார்கள்.

ஸ்ட்ரோலரைவிடக் கவலைப்பட வேண்டியது வாக்கர். நடைவண்டி இருந்த மூலைக்கு இன்று வந்திருக்கும் வட்டமான பிளாஸ்டிக் வண்டி. நடுவில் உட்கார்ந்து காலால் உந்தும் பிள்ளை, நடக்கத் தெரியுமுன்னே படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் வேகமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கனடா 2004இல் இதன் விற்பனையையே தடைசெய்தது. இங்கே பிறந்தநாள் பரிசாக வருகிறது.

கடற்கரைச் சாலைத் தாயின் பதிலுக்கு வருவோம். ரோட்டுக்கு ஓடிருதான் என்றார். உப்பு லாரி, துறைமுகத்து கன்டெய்னர் டிரெய்லர், நடைபாதையில் நிறுத்திய பைக், மூடாத வாறுகால். இதற்கு நடுவே மூன்று வயதுப் பிள்ளையை எங்கே இறக்குவது? அதனால்தான் தூத்துக்குடியின் உண்மையான பிள்ளை வண்டி ஸ்கூட்டராகிவிட்டது. அப்பாவின் கால்களுக்கு நடுவே, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நிற்கும் பிள்ளைகளைப் பள்ளி நேரத்தில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரை இரு சக்கர வண்டியில் போகும் பிள்ளைக்குத் தலைக்கவசமும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டர் தாண்டக்கூடாது என்று 2022இல் அறிவித்த மத்திய அரசின் விதி இருக்கிறது. பட்டை கட்டிய பிள்ளைதான் கண்ணில் படுவதில்லை. ஸ்ட்ரோலரை நிறுத்தி ஸ்கூட்டரில் ஏற்றினால் பிள்ளை இறங்கியதாகக் கணக்கு ஆகாது.

அப்படியானால் எந்த வயது? உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் பார்த்த அளவில், பிடிப்பில்லாமல் நடக்கும் காலம் சுமார் எட்டு மாதம் முதல் பதினேழரை மாதம் வரை விரிகிறது. பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நடை நிலைத்ததும், ஒன்றரை வயதிலிருந்தே, பாதித் தூரம் வண்டி, பாதித் தூரம் கால். வண்டியை அவனையே தள்ளச் சொன்னால் ஸ்ட்ரோலரே நடைவண்டியாகிவிடும். கூடுதல் நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டே கிளம்ப வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை பதினாலு கிலோ வரும். பல வண்டிகளின் தாங்கும் அளவே பதினைந்து. அதற்குள் தினசரிப் பழக்கத்தை விட்டுவிடலாம். விமான நிலையம், திருச்செந்தூர்க் கோயில் வரிசை போன்ற நீண்ட பொழுதுகளுக்கு மட்டும் இருக்கட்டும். மூளை முடக்குவாதம் போன்ற குறை உள்ள பிள்ளைகளுக்கு வண்டிதான் கால். அவர்களைப் பார்த்து "இன்னுமா?" என்று யாரும் கேட்க வேண்டாம்.

மூன்று வயது தாண்டியதும் வண்டியைப் பரணில் போட்டு வைக்கவும் வேண்டாம். நடைவண்டி அன்று ஒரு வீட்டில் தங்கியதில்லை. ஒரு பிள்ளை நடந்ததும் தெருவில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஸ்ட்ரோலரையும் அப்படிக் கொடுத்துவிடலாம். அடுத்த பிள்ளை நம் வீட்டில் பிறக்காவிட்டால் என்ன, தெருவில் எங்காவது பிறந்திருக்கும். இறங்கச் சொல்ல அதற்கும் உரிமை உண்டு.