பழைய நோட்டுக்கும் தரம் உண்டு



மிளகாய் வற்றல் மூட்டையைப் பிரித்து, நிறமும் காம்பும் பார்த்து, முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று விலை பேசுகிறவர்கள் நாம். பழைய ரூபாய் நோட்டு சேகரிப்பவர்களிடமும் இதே போன்ற தரப்பிரிவு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

1994-இல் அச்சு நின்று 2015-இல் மீண்டும் வந்த ஒரு ரூபாய் நோட்டின் பழைய தாள்கள் பல கடைகளில் கல்லாப்பெட்டியின் அடியில் கிடக்கும். வாங்க வருபவர் "அழுக்கு நோட்டு" என்று விலையைக் குறைப்பார். அதையே விற்கும்போது "அருமையான நோட்டு" என்பார். தரம் தெரிந்தால்தான் இதில் நாம் ஏமாறாமல் இருக்க முடியும்.

1961-இல் தொடங்கிய சர்வதேச வங்கி நோட்டுச் சங்கம் வகுத்த முறை வருமாறு:

யு.என்.சி.: புழங்காத நோட்டு. மடிப்பு, கசங்கல், கறை எதுவும் கூடாது. மூலைகள் கூராக இருக்க வேண்டும்.

ஏ.யு.: எண்ணும்போது மூலையில் விழுந்த சிறு மடிப்பு, அல்லது நடுவில் ஒரு லேசான மடிப்பு. இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது.

எக்ஸ்.எஃப்.: மூன்று லேசான மடிப்பு வரை, அல்லது அழுத்தமான மடிப்பு ஒன்று.

வி.எஃப்.: குறுக்கும் நெடுக்குமாகப் பல மடிப்புகள், ஆனாலும் தாள் தொய்ந்திருக்காது.

எஃப்.: நன்றாகப் புழங்கியது. ஓரத்தில் சிறு கிழிசல் இருக்கலாம். அது படத்துக்குள் போகக் கூடாது.

இதற்கும் கீழே சில தரங்கள் உண்டு. நோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மடிப்பு தானே தெரியும்.

இனி இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. முன்பு வங்கிகளில் நோட்டுக் கட்டுக்குப் பின் அடிப்பார்கள். 2001-இல் ரிசர்வ் வங்கி அதை நிறுத்தச் சொன்னது. அதற்கு முந்தைய புத்தம்புது நோட்டிலும் துளை இருக்கும். நம் நாட்டில் பலர் இதைக் குறையாக எடுப்பதில்லை, வெளிநாட்டார் எடுப்பதுண்டு. ஆகவே துளை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அடுத்து, நோட்டைக் கழுவுவதும் இஸ்திரி போடுவதும் கூடாது, மதிப்பு கெடும். அப்படிச் செய்ததைப் புழங்காத நோட்டு என்று விற்பது, பருப்புக்குச் சாயம் ஏற்றி விற்பதற்குச் சமம்.

விலை உயர்ந்த நோட்டுகளுக்கு 70 மதிப்பெண் முறையில் தரம் குறித்து, பிளாஸ்டிக் உறையில் மூடி முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்கள் அமெரிக்காவில் உள்ளன. அதற்குக் கட்டணம் உண்டு. சாதாரண நோட்டுக்குக் கட்டுப்படியாகாது.

பழைய நோட்டு விற்றுத் தருவதாக ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021-இல் எச்சரித்துள்ளது.

வாங்க ஒரு படிக்கல், விற்க ஒரு படிக்கல் வைத்திருப்பவரை நம் கடைத்தெரு மதிப்பதில்லை. நோட்டு வியாபாரத்துக்கும் அந்த நியாயமே பொருந்தும். தரத்தைச் சீட்டில் எழுதி வாங்குவோம், எழுதிக் கொடுப்போம்.