அக்கரையில் அக்கா இருந்தால்

போன எபிசோடில் 1945-க்குப் பிறகு ஜப்பானை விட்டுக் கிளம்பின கொரியர்களைப் பத்திப் பேசினேன். இன்னைக்கு அதே கடலைத் திரும்பக் கடந்து ஜப்பானுக்கு வந்தவங்களைப் பார்க்கலாம்.

போர் முடிஞ்சப்போ ஜப்பானில் ஏறக்குறைய 20 லட்சம் கொரியர்கள் இருந்தாங்க. பெரும்பாலானவங்க சில மாதங்களிலேயே ஊர் திரும்பிட்டாங்க. சுமார் 6 லட்சம் பேர் தங்கிட்டாங்க. காரணம், திரும்பிப் போறவங்க ஆளுக்கு 1,000 யென்தான் கொண்டுபோகலாம்னு ஆக்கிரமிப்பு நிர்வாகம் வரம்பு வெச்சிருந்தது. ஊர்லயும் வேலை இல்லை. அதனால அப்பா அம்மா ஊருக்குப் போவாங்க, அண்ணன் இங்கேயே இருப்பார். குடும்பம் ரெண்டு கரையிலயும் நின்னுச்சு. கடுமையான எல்லைக் காவல் அப்புறம்தான் வந்தது.

ஜேஜு தீவை எடுத்துக்கோங்க. 1920-களிலிருந்தே அங்கிருந்து ஓசாகாவுக்கு நேரடிக் கப்பல் ஓடுச்சு. 1948 ஏப்ரல் 3-ல் அந்தத் தீவில் கிளர்ச்சி வெடிச்சது. அதை அடக்கின விதத்தில் 25,000 முதல் 30,000 பேர் வரை செத்திருக்கலாம்னு கணக்கு. உயிர் தப்பணும்னு நினைச்சவங்களுக்கு முதல்ல ஞாபகம் வந்த ஊர் ஓசாகாதான். கவிஞர் கிம் சி-ஜோங் 1949-ல் அப்படித் தப்பி வந்தவர்.

ராத்திரியில் சின்னப் படகில் வந்து இறங்கினா அடுத்து என்ன? இங்கேதான் சொந்தபந்தம் வேலை செஞ்சது. படகுக் கூலி அண்ணன் தர்றது. முதல் ராத்திரி தூங்க இடம் அக்கா வீடு. ஓசாகாவின் இகாய்னோ பகுதியில் செருப்பு, ரப்பர், தையல்னு வீட்டோட ஒட்டின பட்டறைகள் நிறைய. ஊர்க்காரர் பட்டறையில் வேலை. ஜப்பான் மொழி தெரியாமலே பிழைக்கலாம்.

ஆனா இதை அன்புக் கதையா மட்டும் பார்க்கக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன். 1947 முதல் கொரியர்கள் வெளிநாட்டவராப் பதிவு செய்யணும், அட்டை வெச்சிருக்கணும். அட்டை இல்லாம மாட்டினா நாகசாகி பக்கம் ஓமுரா தடுப்பு முகாம், அப்புறம் நாடு கடத்தல். அப்போ மாமா பட்டறையில் கூலி குறைவுன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? அடைக்கலம் கொடுத்தவரே முதலாளி. அவர் வாய் திறந்தா வாழ்க்கை போச்சு. பலர் பிள்ளைகள்கிட்டகூட எப்படி வந்தோம்னு சொல்லாமலே காலம் தள்ளினாங்க.

பின்னாளில் காசு எதிர்த்திசையில் போச்சு. ஓசாகாவில் இருந்த ஜேஜுக்காரங்க ஊர்ச் சங்கம் வெச்சு, கிராமத்துக்கு மின்சாரம், பள்ளிக்கூடம், சாலைன்னு பணம் அனுப்பினாங்க. ஆரஞ்சுக் கன்றுகளும் அனுப்பினாங்க.

சட்டத்தின் ஏட்டில் இவங்க கள்ளத்தனமா நுழைஞ்சவங்க. அவங்களைக் கேட்டா, “அக்கா வீட்டுக்கு வந்தேன்”னு சொல்லியிருப்பாங்க. ரெண்டுமே உண்மைதான். நாம பெரும்பாலும் முதல் வரியை மட்டும்தான் படிக்கிறோம்.