செரமிக் குண்டுகளின் ஆயுளும் மேற்பரப்புக் குறைகளும்

சந்தையிற் சட்டி வாங்குவோர் அதனை விரலாற் சுண்டிப் பார்த்தே வாங்குவர். ஓசை கணீரென்று எழுந்தால் சட்டி நல்லது. மங்கி ஒலித்தால், கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பு எங்கோ இருக்கின்றது என்பது பொருள். சுட்ட மண்ணுக்குரிய இக்குறை, இக்காலப் பொறிகளிற் சுழலும் செரமிக் குண்டுகளுக்கும் உண்டு.

சுழலும் அச்சைத் தாங்குவது குண்டுப் போதிகை. பட்டறைகளில் இதனைப் 'போல் பெயரிங்' என்பர். இரு வளையங்களுக்கிடையே குண்டுகள் உருண்டு உராய்வைக் குறைக்கின்றன. நெடுங்காலமாக இக்குண்டுகள் உருக்கினாலேயே செய்யப்பட்டு வந்தன. இன்று, விரைந்து சுழலும் பொறிகளிலே சிலிக்கன் நைத்திரைட்டு என்னும் செரமிக் குண்டுகளும் இடம்பெறுகின்றன. இதன் அடர்த்தி உருக்கின் அடர்த்தியில் ஏறத்தாழ 40 சதவீதமே. வன்மையோ ஏறத்தாழ இருமடங்கு. இது துருப்பிடிப்பதில்லை, மின்னைக் கடத்துவதுமில்லை. அமெரிக்க விண்ணோடமாகிய டிஸ்கவரி 1995 யூலையில் எழுந்தபோது, அதன் பொறியொன்றிலே திரவ ஒட்சிசனைச் செலுத்திய புதிய பம்பியில் இத்தகைய குண்டுகளே சுழன்றன.

இத்துணைச் சிறப்புடைய பொருளின் ஆயுளை ஒரு நுண்ணிய கீறல் குறைத்துவிடக்கூடும். குண்டு வளையத்தைத் தொடும் சிறு பரப்பிலே பெரும் அழுத்தம் ஏற்படுகின்றது. அதனைச் செரமிக் எளிதில் தாங்கும். ஆனால், அப்பரப்பைச் சூழ்ந்த விளிம்பிலே குண்டின் மேற்பரப்பு இழுவைக்கு உள்ளாகின்றது. அவ்விழுவை அங்குள்ள கீறலைச் சிறிதே திறக்கின்றது. உருக்காயின் கீறலின் நுனியிலுள்ள உலோகம் சற்று இளகிக்கொடுத்து அதன் கூர்மையை மழுங்கச் செய்யும். செரமிக் அவ்வாறு இளகுவதில்லை. ஆகவே, கோடிக்கணக்கான சுழற்சிகளில் வெடிப்பு அணுவணுவாக உள்ளே வளர்ந்து, ஈற்றிற் சிறு சில்லொன்று பெயர்ந்து விழுகின்றது. இதுவே களைப்பினால் நேரும் அழிவு. சிலிக்கன் நைத்திரைட்டின் நீண்ட மணிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், குண்டு ஒரேயடியாக நொறுங்காமல் இவ்வாறு சில்லாகப் பெயர்வதே பெரும்பான்மை.

ஒரேயளவான கீறலுடைய இரு குண்டுகளும் ஒரேயளவு காலம் உழைப்பதில்லை. கீறல் உருளும் தடத்திலே எவ்விடத்தில், எத்திசை நோக்கிக் கிடக்கின்றது என்பதும் ஆயுளை நிருணயிக்கின்றது. தடத்துக்கு அப்பாற்பட்ட கீறலால் தீங்கு நேராதிருக்கவும் கூடும்.

இக்கீறல்கள் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே தோன்றுகின்றன. வைரத்தூள் கொண்டு மெருகிடும்போது குண்டுகள் ஒன்றோடொன்று மோதுவதனால் பிறை வடிவான வெடிப்புகள் உண்டாகின்றன. மெருகின் பளபளப்பு அவற்றை மறைத்துவிடும். இங்கே சுண்டிப் பார்ப்பதாற் பயனில்லை. ஒளிரும் சாயத்தில் குண்டை ஊறவைத்து, மேற்பரப்பைத் துடைத்தபின் புற ஊதா ஒளியிற் பார்ப்பர். வெடிப்பினுள் புகுந்த சாயம் மெல்லிய பிறையாய் ஒளிர்ந்து அதனைக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே, வன்மைமிக்க பொருளைத் தெரிவுசெய்தல் மட்டும் போதாது. மோதல் நேராமல் மெருகிடுதலும், குறையுள்ள குண்டைப் பொறியிற் சேருமுன் கண்டு விலக்குதலுமே செரமிக் குண்டின் நீண்ட ஆயுளுக்கு வழியாகும்.