இறங்குவதுதானே, என்ன கஷ்டம்? கிரீட் தீவின் 16 கி.மீ. சமாரியா நடை!

கிரீஸ் நாட்டின் கிரீட் தீவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் எல்லோரும் கடற்கரையில் துண்டை விரித்துப் படுத்துவிடுவதில்லை. விடிவதற்கு முன்பே ஹானியா நகரில் பேருந்து பிடித்து, ஓமாலோஸ் என்ற மலைச் சமவெளிக்குப் போகிறது ஒரு கூட்டம். அங்கிருந்துதான் சமாரியா பள்ளத்தாக்கு நடை தொடங்குகிறது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் ஆரம்பித்து, 16 கிலோமீட்டர் நடந்தால் லிபியக் கடல். ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகும். பைன் மரங்கள், ஓடை, ‘கிரி-கிரி’ எனப்படும் காட்டு ஆடுகள் என வழி முழுக்க வேடிக்கைதான். நடுவே சமாரியா கிராமம் வரும். 1962-ல் இந்த இடம் தேசியப் பூங்கா ஆனபோது ஊர் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். வெறும் கல் வீடுகள் மட்டும் நிற்கின்றன.

இறங்குவதுதானே என்று அலட்சியமாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கற்கள் நிறைந்த பாதையில் ஒவ்வோர் அடியும் முட்டியையும் தொடையையும் பதம் பார்க்கும். ஷூவின் முன்பக்கத்தில் கால்விரல்கள் இடித்துக்கொண்டே இருக்கும். நகத்தை ஒட்ட வெட்டி, லேஸை இறுக்கிக் கட்டி, சின்னச் சின்ன அடியாக வைப்பதுதான் வழி. செருப்பு வேண்டவே வேண்டாம்!

முட்டியைவிடப் பெரிய சவால், வெயில். காலையில் மேலே ஸ்வெட்டர் கேட்கும் குளிர் இருக்கும். ஆனால் ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பம் சுமார் 6 டிகிரி கூடும். இறங்க இறங்க மதியமும் நெருங்கும். அதாவது, கால் தளரும் நேரத்தில்தான் வெயில் உச்சிக்கு வரும். பாதி வழியில் வெளியேறச் சாலையும் கிடையாது. காயம்பட்டவர்களைத் தூக்கிவரக் கோவேறு கழுதைகளைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2024 ஜூனில், ‘சின்னச் சின்னப் பழக்கங்களால் ஆரோக்கியமாக வாழலாம்’ என்று உலகத்துக்கே சொன்ன பிரிட்டன் மருத்துவர் மைக்கேல் மோஸ்லி, சிமி என்ற மற்றொரு கிரேக்கத் தீவில் கடும் வெயிலில் தனியாக நடக்கப் போனார். நான்கு நாள்கள் கழித்து அவர் உடல்தான் கிடைத்தது. வயது 67. வெப்பவாதமோ, கண்டறியப்படாத உடல்நலக் கோளாறோ காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை.

சமாரியா பொதுவாக மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட்டைத் தவிர்த்து மே அல்லது அக்டோபரில் போவது புத்திசாலித்தனம். வெயிலோ மழையோ கடுமையானால் அன்று வாசலை மூடிவிடுவார்கள். ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்று அவர்களிடம் மல்லுக்கட்டிப் பயனில்லை. வழியில் ஊற்றுநீர் கிடைக்கும், ஒரு பாட்டில் போதும். ஊற்று இருக்கும் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஓடையில் குளிக்க அனுமதி இல்லை.

கடைசிப் பகுதியில்தான் ‘இரும்பு வாசல்’. சுமார் 300 மீட்டர் உயரப் பாறைச் சுவர்கள், நான்கு மீட்டர் அகலம்கூட இல்லாமல் நெருங்கி நிற்கும். போட்டோவுக்காக எல்லோரும் நிற்கும் இடம். கல் விழும் பகுதி என்று பலகை இருக்கும் இடங்களில் மட்டும் நிற்காமல் நடையைக் கட்டுங்கள்.

நுழைவுச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். உள்ளே யாரும் தங்கிவிடவில்லை என்று உறுதிசெய்ய, வெளியேறும்போது அதைக் கேட்பார்கள். அதன்பின் மூன்று கிலோமீட்டரில் அகியா ரூமேலி கிராமம், கூழாங்கல் கடற்கரை, நீலத் தண்ணீர். வீங்கிய காலை நனைக்கும் சுகத்தில் நேரம் போவதே தெரியாது. ஆனால் அந்த ஊரிலிருந்து வெளியே போகச் சாலை இல்லை, படகு மட்டும்தான். கடைசிப் படகைத் தவறவிட்டால், அன்றிரவு அங்கேயே அறை தேட வேண்டியதுதான்!