ஏட்டுச் சுரைக்காயும் பெரும் பக்கங்களும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்)

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. கணிப்பொறிக்கும் இது பொருந்தும் என்பதை, லினக்ஸ் இயக்க அமைப்பில் ‘பெரும் பக்கங்கள்’ ஒதுக்கும் ஒரு சிறு சேவை நிரலைக் கொண்டு விளக்க முற்படுகிறேன்.

முதலில் பக்கம் என்றால் என்னவென்று காண்போம். லினக்ஸ், நினைவகத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்தே நிரல்களுக்கு வழங்குகிறது. அத்துண்டே பக்கம். நாம் பயன்படுத்தும் பெரும்பாலான கணிப்பொறிகளில் ஒரு பக்கத்தின் அளவு 4 கிலோபைட். ஒரு நிரல் கேட்கும் முகவரி வேறு. நினைவகத்தில் அது உண்மையில் இருக்கும் இடம் வேறு. இரண்டையும் இணைத்துக் காட்டுவது பக்க அட்டவணை. ஒவ்வொரு முறையும் அந்தப் பெரிய அட்டவணையைப் புரட்டினால் நேரம் வீணாகும். எனவே, அண்மையில் பார்த்த முகவரிகளைச் செயலி ‘டி.எல்.பி.’ என்னும் சிறு குறிப்பேட்டில் வைத்துக்கொள்கிறது.

அக்குறிப்பேட்டில் 64 வரிகள் உண்டு என்று வைத்துக்கொள்வோம். பக்கம் 4 கிலோபைட் எனில், அது 256 கிலோபைட் நினைவகத்தை மட்டுமே நினைவில் வைக்கும். பக்கத்தை 2 மெகாபைட் ஆக்கினால் அதே 64 வரிகள் 128 மெகாபைட்டுக்குப் போதும். ஒரு பெரும் பக்கம் 512 சிறு பக்கங்களுக்குச் சமம். தீப்பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கணக்கில் எழுதாமல் பண்டல் பண்டலாக எழுதுவது போன்றது இது. பெரிய தரவுத்தளங்களுக்கு இதனால் வேகம் கூடுகிறது. 2003 இறுதியில் வெளிவந்த லினக்ஸ் 2.6 பதிப்பிலேயே இவ்வசதி இருந்தது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ‘சக்தி’ செயலிகள் பின்பற்றும் ‘ரிஸ்க்-ஃபைவ்’ அமைப்பு முறையிலும் 4 கிலோபைட், 2 மெகாபைட், 1 கிகாபைட் பக்கங்களுக்கு இடமுண்டு.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உள்ளது. பெரும் பக்கத்திற்கு 2 மெகாபைட் இடம் ஒரே தொடர்ச்சியாக வேண்டும். சிவகாசி செல்லும் பேருந்தில் ஐந்து இருக்கைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காலியாக இருக்கலாம். ஆயினும் ஐந்து பேர் ஒரே வரிசையில் சேர்ந்து உட்கார இயலாது. கணிப்பொறி பல மணி நேரம் இயங்கிய பின் நினைவகமும் இப்படியே சிதறிக் கிடக்கும். ஆகவேதான், பொறி தொடங்கும்போதே பக்கங்களை ஒதுக்கிவிட ஒரு சேவை நிரலை அமைக்கிறார்கள். ‘என்ஆர்_ஹியூஜ்பேஜஸ்’ என்னும் கோப்பில் 1024 என்று எழுதுவதே அதன் வேலை. 1024 பெரும் பக்கங்கள் என்றால் 2 கிகாபைட்.

இங்கேதான் ஏட்டுச் சுரைக்காய் வருகிறது. தொடர்ச்சியான இடம் போதாவிட்டால் லினக்ஸ் 700 பக்கங்களையோ 300 பக்கங்களையோ மட்டும் ஒதுக்கும். ஆனால் எண்ணை எழுதிய கட்டளை பிழை எதுவும் காட்டாமல் முடிந்துவிடும். சேவை நிரலும் ‘வெற்றி’ என்றே அறிவிக்கும். ‘போஸ்ட்கிரெஸ்’ போன்ற தரவுத்தளமோ, தனது இயல்பான அமைப்பில், பெரும் பக்கம் கிடைக்காவிட்டால் சிறு பக்கங்களிலேயே ஓசையின்றி ஓடத் தொடங்கும். எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்; வேகம் மட்டும் இராது.

எனவே இச்சேவையைச் சோதிப்பவர் செய்ய வேண்டியவை யாவை?

முதலாவது, எழுதிய எண்ணை நம்பாமல் கிடைத்த எண்ணை வாசிக்க வேண்டும். ‘மெம்இன்ஃபோ’ கோப்பில் ‘ஹியூஜ்பேஜஸ்_டோட்டல்’ என்னும் வரி அதைச் சொல்லும். கேட்டதும் கிடைத்ததும் வேறுபட்டால் சேவை ‘தோல்வி’ என்று அறிவிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வேண்டுமென்றே நினைவகத்தைச் சிதறடித்துவிட்டுச் சேவையை இயக்கிப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் மட்டும் செய்யும் சோதனை சோதனையாகாது.

மூன்றாவது, அளவுக்கு மீறிக் கேட்டுப் பார்க்க வேண்டும். 4 கிகாபைட் பொறியில் 2048 பக்கங்கள் கேட்பது முழு நினைவகத்தையும் கேட்பதாகும். ஒதுக்கிய இடத்தைச் சாதாரண நிரல்கள் தொட முடியாது என்பதால், மற்ற நிரல்கள் இடமின்றித் திணறும். இத்தகைய கோரிக்கையைச் சேவையே மறுக்க வேண்டும். இச்சோதனையை மெய்நிகர் பொறியில் செய்வதே நலம்.

நான்காவது, இரண்டு முறை இயக்கினாலும் எண்ணிக்கை மாறக்கூடாது. பொறியை நிறுத்தித் தொடங்கினாலும், தரவுத்தளம் எழுவதற்கு முன்பே சேவை தன் வேலையை முடித்திருக்க வேண்டும்.

இத்தனை கவலை எதற்கு என்று கேட்கலாம். எங்கள் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கூடங்களில், ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்று விதி உண்டு. விதியை எழுதி வைப்பது ஒன்று. அறைக்குள் சென்று தலையை எண்ணுவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உயிரின் விலையால் அறிந்த பகுதி எங்களுடையது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் நிகழ்ந்த வெடிவிபத்துகளை இங்கு மறந்தவர் இல்லை. கணிப்பொறியில் எண் குறைந்தால் உயிர் போகாது என்பது உண்மையே. ஆயினும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் இரண்டிற்கும் ஒன்றுதான்.

தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசு வேலை பார்த்தும் படிக்க வைத்த குடும்பங்களிலிருந்து முதல் பட்டதாரிகளாக வரும் நம்மில் பலர், நாளை மருத்துவமனையின் கணிப்பொறியையோ வங்கியின் கணிப்பொறியையோ காக்கும் பொறுப்பில் அமரக்கூடும். அதற்கான பயிற்சியை இன்றே தொடங்கலாம். லினக்ஸ் உள்ள எந்தப் பொறியிலும் ‘மெம்இன்ஃபோ’ கோப்பைத் திறந்து, ‘ஹியூஜ்பேஜஸ்_டோட்டல்’ வரியில் என்ன எண் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். யாரும் ஒதுக்காவிடில் அது சுழியமாகவே இருக்கும். ஒதுக்கிய பிறகு மீண்டும் பாருங்கள். அந்த இரண்டாவது பார்வைக்குப் பெயர்தான் சோதனை.