ஐஸ்கிரீம் மெஷினுக்கு முன் இஞ்ச் டேப்

வீட்டிலேயே ஐஸ்கிரீம் போட மெஷின் வாங்கலாமா என்று யோசிக்கும் மறைமலை நகர்வாசிகள், ஆன்லைனில் விலை பார்ப்பதற்கு முன் இஞ்ச் டேப்பை எடுத்து ஃப்ரீஸரின் உள் உயரத்தை அளந்துவிடுவது நல்லது.

விலை குறைந்த மெஷின்களில் குளிரூட்டும் பாகமே கிடையாது. இரட்டைச் சுவர் கொண்ட ஒரு கிண்ணம், கிண்டிவிட ஒரு சின்ன மோட்டார், அவ்வளவுதான். சுவர்களுக்கு நடுவே இருக்கும் திரவம் முழுக்க உறைந்திருந்தால்தான் பால் உறையும். அதற்குக் கிண்ணம் மைனஸ் 18 டிகிரியில் 12 முதல் 24 மணி நேரம் இருக்க வேண்டும். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் ஃப்ரீஸரோ ஐஸ் ட்ரேக்கு அளவானது. ஒன்றரை லிட்டர் கிண்ணத்தை அதில் நிமிர்த்தி வைப்பதே பெரும்பாடு. வைத்தாலும் அவ்வளவு குளிர் ஏறுவது சந்தேகம். இடையில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. கடற்காற்று தாமதமாக எட்டிப்பார்க்கும் நம் பக்கத்து மே மாதத்தில், கலவையையும் முந்தின இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். வெதுவெதுப்பாக ஊற்றினால் கிண்ணத்தின் குளிர் பாதியிலேயே தீர்ந்துவிடும்.

சூத்திரம் பழையது. ஐஸில் உப்பு கலந்தால் மைனஸ் 21 வரை குளிரும். அமெரிக்காவின் நான்சி ஜான்சன் 1843இல் காப்புரிமை வாங்கிய கைப்பிடி இயந்திரம் அதை நம்பித்தான் சுற்றியது. அந்தக் காலத்தில் சென்னைக்கு ஐஸ் கட்டியே பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்தது. அதைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

கம்ப்ரஸர் வைத்த மெஷின் தானே குளிரூட்டிக்கொள்ளும். ஆனால் விலை பல மடங்கு, சமையல் மேடையில் மைக்ரோவேவ் அளவுக்கு இடம் கேட்கும். மாதம் ஒருமுறை ஐஸ்கிரீம் போடும் வீட்டுக்கு அது வேண்டாம் என்பதே என் கட்சி.

காசு மிச்சமாகுமா? பெரிதாக ஆகாது. கடை ஐஸ்கிரீமுக்கான வரியும் 2025 செப்டம்பரில் 18லிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது. (ஜிஎஸ்டி சாலையில் குடியிருப்பவர்களுக்கு ஜிஎஸ்டி தந்த ஒரே குளிர்ச்சி!) மிச்சமாவது பணமல்ல, எடை. உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராம் இருந்தாலே போதும். ஏறக்குறைய பாதி காற்று. வீட்டு மெஷின் அவ்வளவு காற்றைப் புகுத்தாது. ஆகவே லிட்டருக்கு லிட்டர் விலை பார்ப்பது தவறு, கிராமுக்குக் கிராம் பாருங்கள்.

அதே விதி, வெறும் 'ஐஸ்கிரீம்' என்று எழுதப் பால் கொழுப்பு 10 சதவீதமாவது கேட்கிறது. தாவரக் கொழுப்பில் செய்தால் 'ஃப்ரோஸன் டெசர்ட்'. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், அமுல் ஃப்ரெஷ் கிரீமில் 25. அரை லிட்டர் பால், கால் லிட்டர் கிரீம், 150 கிராம் சர்க்கரை: கணக்குப் போட்டால் 10ஐச் சற்றே தாண்டும். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாடி போட்டுப் படிக்கும் குடும்பங்களுக்கு மெஷின் வாங்க இதுதான் நியாயமான காரணம்.

சிங்கிள் டோர் வீடுகளுக்கு என் சிபாரிசு குல்ஃபி. பால் சுண்டச் சுண்டத் தண்ணீர் குறைகிறது, அதனால் ஐஸ் துகள் பெரிதாகாது, கிண்டவும் வேண்டாம். சாதாரண ஃப்ரீஸரிலேயே ஓர் இரவில் உறைந்துவிடும். பிள்ளைகள் அதற்குப் பிறகும் ஸ்கூப்தான் வேண்டுமென்று அடம்பிடித்தால், ஃப்ரிட்ஜ் மாற்றும்போது மெஷினைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.